ஒரே அணிக்கு இரண்டு ரேங்க்: எந்தப் பட்டியலை நம்புவது?

கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கூட்டல், கழித்தலில் அது தவறு செய்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று முடிவு செய்பவர் ஒரு மனிதர். இதை மறந்துவிட்டால் இன்டர்நெட்டில் வரும் எந்தத் தரவரிசைப் பட்டியலும் நம்மைச் சுலபமாக ஏமாற்றிவிடும். இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் சிறுவர், சிறுமியர் ஆடும் கிளப் வாலிபால்.

அமெரிக்க வாலிபாலைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். என் அக்கா மகள் டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ் அருகே குடியிருக்கிறாள். அவளுடைய பெண் 14 வயதுப் பிரிவில் ஒரு கிளப் அணிக்கு ஆடுகிறாள். அந்த அணிக்கு ஒரு வெப்சைட்டில் 48-ஆவது இடம், இன்னொன்றில் 131-ஆவது இடம். "எதை மாமா நம்புவது?" என்று கேட்டு இரண்டு முகவரிகளையும் எனக்கு மெயிலில் அனுப்பியிருந்தாள். வெறும் ஆர்வத்தில் கேட்ட கேள்வி இல்லை. அடுத்த சீசனுக்குப் பெண்ணை 'மேலே இருக்கும்' வேறு கிளப்புக்கு மாற்றலாமா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அங்கே கிளப் கட்டணம், பயணம், ஓட்டல் செலவு எல்லாம் சேர்ந்தால் ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் ஆகிவிடும்.

வாலிபால் பிறந்ததே அமெரிக்காவில்தான். 1895-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹோல்யோக் நகரில் வில்லியம் மோர்கன் என்பவர் உருவாக்கிய விளையாட்டு இது. இன்று அங்கே பள்ளி அணிகள் தனி, கிளப் அணிகள் தனி. 'யுஎஸ்ஏ வாலிபால்' என்ற தேசிய அமைப்பு நாட்டைச் சுமார் 40 மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. 18 வயது வரை தனித்தனி வயதுப் பிரிவுகள். ஒரு பெரிய கிளப்பில் ஒரே வயதுக்கு இரண்டு, மூன்று அணிகள்கூட இருக்கும். வார இறுதியில் ஒரு பெரிய ஹாலில் வரிசையாகக் கோர்ட்டுகள் போட்டு, காலை முதல் மாலை வரை ஆட்டங்கள் நடக்கும். பெரும்பாலும் மூன்று செட்டில் இரண்டை வென்றால் வெற்றி. முதல் இரண்டு செட் 25 பாயின்ட், மூன்றாவது 15. ஆடி முடித்த அணி வீட்டுக்குப் போய்விட முடியாது. அடுத்த ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதவும் லைன் பார்க்கவும் அவர்களே உட்கார வேண்டும். (இந்தப் பழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது.)

பெரிய போட்டித் தொடர்கள் பலவற்றின் அட்டவணையும் முடிவுகளும் 'அட்வான்ஸ்டு ஈவென்ட் சிஸ்டம்ஸ்' போன்ற சாஃப்ட்வேர்கள் வழியாக இன்டர்நெட்டில் வந்துவிடுகின்றன. முடிவுகள் கண் முன்னால் இருக்கும்போது, யார் வேண்டுமானாலும் ஒரு ஃபார்முலா எழுதிப் பட்டியல் போடலாம். போடுகிறார்கள். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சதவீதம் போதாது

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, வெற்றி சதவீதம். ஆடிய ஆட்டங்களில் எத்தனை ஜெயித்தார்கள் என்று வகுத்துப் பார்த்தால் போயிற்று. ஆனால் ஒரே ஒரு ஆட்டம் ஆடி அதில் ஜெயித்த அணிக்கு 100 சதவீதம். 20 ஆட்டம் ஆடி 19-ஐ வென்ற அணிக்கு 95 சதவீதம். பட்டியலில் முதல் அணிதான் மேலே நிற்கும். இதைச் சின்னப் பையன்கூட ஒப்புக்கொள்ள மாட்டான்.

இதற்கு ஒரு அழகான மருந்து உண்டு. வெற்றிகளோடு 1, ஆட்டங்களோடு 2 கூட்டிக்கொண்டு வகுக்க வேண்டும். முதல் அணிக்கு 2 ÷ 3 = 0.667. இரண்டாவது அணிக்கு 20 ÷ 22 = 0.909. ஆட்டமே ஆடாத அணிக்கு 1 ÷ 2, அதாவது சரியாக நடுவில். 'உன்னைப் பற்றி எதுவும் தெரியாதபோது நீ சராசரி என்று எடுத்துக்கொள்கிறேன்' என்று பொருள். வெஸ்லி கோலி என்ற அமெரிக்கர் உருவாக்கிய தரவரிசை முறையின் அடித்தளம் இதுதான்.

அடுத்த கேள்வி, யாரை ஜெயித்தாய் என்பது. கோலி முறையில் இதற்கும் வழி இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தாலும் சரி, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் இருந்தாலும் சரி, இப்போதே செய்து பார்க்கலாம். அ, ஆ, இ, ஈ என்று நான்கு அணிகள். அ அணி ஆ-வை வென்றது. ஆ அணி இ-யை வென்றது. இ அணி ஈ-யை வென்றது. மொத்தம் மூன்றே ஆட்டங்கள்.

எல்லா அணிகளுக்கும் முதலில் 0.5 என்று தரப்புள்ளி போடுங்கள். அடுத்த நெட்டு வரிசையில், வெற்றியிலிருந்து தோல்வியைக் கழித்து அதில் பாதி எடுங்கள். அதோடு, அந்த அணி யார் யாரோடு ஆடியதோ அவர்களுடைய தரப்புள்ளிகளைக் கூட்டுங்கள். மேலும் 1 கூட்டுங்கள். வந்த தொகையை ஆட்டங்களின் எண்ணிக்கையோடு 2 கூட்டிய எண்ணால் வகுங்கள். இது புதிய தரப்புள்ளி. இந்தப் புதிய எண்களை வைத்துக்கொண்டு அதே கணக்கை அதற்கடுத்த நெட்டு வரிசையில் மறுபடி செய்யுங்கள். ஃபார்முலாவை ஒரு முறை எழுதிவிட்டால் காப்பி செய்து பக்கத்தில் பக்கத்தில் பேஸ்ட் செய்துகொண்டே போகலாம். ஏழெட்டுச் சுற்றுகளில் எண்கள் அசையாமல் நின்றுவிடும்.

அ 0.679, ஆ 0.536, இ 0.464, ஈ 0.321 என்று வரும். ஆ, இ இரண்டு அணிகளும் ஒரு வெற்றி, ஒரு தோல்வி. சதவீதக் கணக்கில் இரண்டுக்கும் 50. ஆனால் ஆ தோற்றது நல்ல அணியிடம், இ ஜெயித்தது எல்லோருக்கும் கீழே உள்ள அணியை. அதை நாம் சொல்லாமலேயே கணக்கு கண்டுபிடித்துவிட்டது. முதல் தடவை இதைச் செய்து பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, நான் எழுதிய முதல் புரோகிராம் ஓடியபோது ஏற்பட்டதற்குக் குறைந்ததில்லை.

ஜெயித்தால் இறங்கும் விந்தை

எதிரணியின் பலத்தைக் கணக்கில் சேர்க்கும் எல்லா முறைகளும் இவ்வளவு நாசூக்காக வேலை செய்வதில்லை. ஆர்.பி.ஐ. என்று ஒன்று உண்டு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. ஆண்கள் கூடைப்பந்தில் இதை 1981 முதல் 2018 வரை பயன்படுத்தியது. கல்லூரி வாலிபாலிலும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நம் வெற்றி சதவீதத்துக்கு 25 சதவீத இடம். எதிரணிகளின் வெற்றி சதவீதத்துக்கு 50. எதிரணிகளின் எதிரணிகளுக்கு 25. அதாவது நான் எப்படி ஆடினேன் என்பதற்குக் கால் பங்குதான் மதிப்பு.

விளைவைப் பாருங்கள். ஒரு அணி 10 ஆட்டத்தில் 8 வெற்றி. எதிரணிகளின் சராசரி 0.600, அவர்களுடைய எதிரணிகளின் சராசரி 0.550 என்று வைத்துக்கொள்வோம். ஆர்.பி.ஐ. 0.6375. இப்போது அந்த அணி, ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத ஒரு பாவப்பட்ட அணியோடு ஆடி ஜெயிக்கிறது. சொந்த சதவீதம் 0.818 ஆக ஏறுகிறது. ஆனால் எதிரணிகளின் சராசரி 0.545 ஆக விழுகிறது. மூன்றாவது பங்கு மாறவில்லை என்றே வைத்தாலும் புதிய ஆர்.பி.ஐ. 0.6148. ஜெயித்த அணிக்குத் தண்டனை!

பெரியவர்கள் ஆடும் இடத்தில் இது போகட்டும். 13 வயதுக் குழந்தைகள் ஆடும் இடத்தில் இப்படி ஒரு ஃபார்முலா இருந்தால் என்ன நடக்கும்? புதிதாக ஆரம்பித்த பக்கத்து ஊர்க் கிளப்போடு ஆடக் கூடாது என்று கோச் முடிவு செய்வார். யாரும் சேர்த்துக்கொள்ளாத அணி எப்படி முன்னுக்கு வரும்?

இதற்கு நேர் எதிரான தவறு, பாயின்ட் வித்தியாசத்தைக் கணக்கில் எடுப்பது. 25-5 என்று ஜெயித்தவன் 25-23 என்று ஜெயித்தவனைவிடப் பலசாலி என்பது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் வாலிபாலில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு ஆட்டம் 25-23, 10-25, 15-13 என்று முடிகிறது. இரண்டு செட் வென்ற அணிக்கு வெற்றி. மொத்தப் பாயின்ட் பாருங்கள். வென்ற அணி 50, தோற்ற அணி 61. பாயின்ட் வித்தியாசத்தைப் பார்க்கும் பட்டியலில் தோற்ற அணிக்கே மேல் இடம் கிடைக்கலாம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் குழந்தை. முதல் செட்டை 25-9 என்று எளிதாக வென்றுவிட்ட கோச், இரண்டாவது செட்டில் மற்றப் பிள்ளைகளை இறக்குவதுதான் முறை. ஒவ்வொரு பாயின்டும் தரவரிசைக்குப் போகிறது என்றால் அவர் கை தயங்கும். பணம் கட்டிய பெற்றோரின் பிள்ளை முழு நாளும் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பெரியவர்களே இதற்குப் பயந்திருக்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் 1998 முதல் 2013 சீசன் வரை பி.சி.எஸ். என்ற முறை இருந்தது. அதில் சேர்க்கப்பட்ட கம்ப்யூட்டர் பட்டியல்கள் எதுவும் வெற்றி வித்தியாசத்தைப் பார்க்கக் கூடாது என்று 2002-இல் தடை போட்டார்கள். பலவீனமான அணியை வேண்டுமென்றே நசுக்கும் பழக்கத்தை நிறுத்துவதற்காக.

செஸ் வழி

இன்று பல தரவரிசைப் பட்டியல்களின் உள்ளே ஓடுவது ஈலோ முறை. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் ஈலோ செஸ்ஸுக்காக அமைத்தது. 1960-இல் அமெரிக்க செஸ் கூட்டமைப்பும் 1970-இல் உலக அமைப்பான ஃபிடேயும் இதை ஏற்றுக்கொண்டன. விசுவநாதன் ஆனந்த் 2006 ஏப்ரலில் 2800-ஐத் தாண்டினார் என்று பத்திரிகைகள் கொண்டாடினவே, அது இந்த எண்தான்.

ஈலோவின் நல்ல குணம், ஆட்டத்துக்கு முன்பே என்ன நடக்கும் என்று அது ஒரு கணிப்புச் சொல்கிறது. 1600 உள்ள அணி 1400 உள்ள அணியோடு ஆடினால் ஜெயிக்கும் வாய்ப்பு 76 சதவீதம். ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்சம் 32 புள்ளி மாறலாம் என்று வைத்தால், 1600 அணி ஜெயித்தால் சுமார் 8 புள்ளி ஏறும். தோற்றால் 24 இறங்கும். எதிர்பார்த்தது நடந்தால் சின்ன மாற்றம், எதிர்பாராதது நடந்தால் பெரிய மாற்றம். இளைத்த அணியோடு ஆடி ஜெயித்தாலும் புள்ளி குறையாது. நான் மேலே புலம்பிய ஆர்.பி.ஐ. விந்தை இங்கே நடக்காது.

உலக வாலிபால் கூட்டமைப்பே 2020-இல் இந்த வழிக்கு வந்துவிட்டது. அதற்கு முன் போட்டித் தொடர்களில் பிடித்த இடத்துக்குப் புள்ளி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த முறையில், தொடருக்குப் போனவனுக்குத்தான் புள்ளி. இப்போது நாடுகளின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கணக்கு. 3-0, 3-1, 3-2 என்று செட் கணக்கைப் பார்க்கிறார்களே தவிரப் பாயின்டைப் பார்ப்பதில்லை. தோற்ற அணி இழக்கும் புள்ளியே வென்ற அணிக்குப் போகிறது. எனக்கு இது நல்ல சமரசமாகத் தெரிகிறது. கிளப் பட்டியல்களில் 'இடத்துக்குப் புள்ளி' என்ற பழைய முறையைப் பார்த்தால் நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். விமான டிக்கெட் வாங்கி நான்கு மாநிலங்களுக்குப் போகும் கிளப்புக்குப் புள்ளி சேரும். வேனில் போய்வரும் தூரத்திலேயே ஆடும் கிளப்புக்குச் சேராது. அது ஆட்டத்தின் தரவரிசை இல்லை, பர்ஸின் தரவரிசை.

தனித்தனித் தீவுகள்

ஆனால் நல்ல ஃபார்முலாவும் கைவிரிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. பட்டியல் போடுபவர்கள் பலர் இதை வெளியில் சொல்வதில்லை.

நாம் எக்ஸெலில் போட்ட நான்கு அணிகளுக்குத் திரும்புவோம். அதே ஷீட்டில் உ, ஊ என்று இன்னும் இரண்டு அணிகளைச் சேருங்கள். இவை வேறு மண்டலம். உ அணி ஊ-வை வென்றது, அவ்வளவுதான். கணக்கைப் போட்டால் உ-வுக்கு 0.625, ஊ-வுக்கு 0.375. ஆறு அணிகளின் பட்டியலில் உ இரண்டாவது இடம், ஆ மூன்றாவது. ஆனால் உ அணி இந்த நால்வரில் ஒருவரோடும் ஆடியதே இல்லையே! உ, ஊ இரண்டும் நேற்றுத்தான் பந்தைத் தொட்ட அணிகளாக இருக்கலாம். நாட்டிலேயே சிறந்த இரண்டு அணிகளாகவும் இருக்கலாம். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தெரியாது என்று அது சொல்லவும் இல்லை. எல்லா மண்டலங்களும் சராசரியில் சமம் என்று வைத்துக்கொண்டு மூன்று தசமத்தில் ஒரு எண்ணை நீட்டிவிட்டது. ஈலோவிலும் எல்லா அணிகளையும் ஒரே எண்ணில் தொடங்கினால் இதே கதைதான்.

அமெரிக்கக் கிளப் வாலிபால் இப்படித்தான் இருக்கிறது. 40 மண்டலங்களில் பெரும்பாலான அணிகள் தங்கள் மண்டலத்துக்குள்ளேயே ஆடுகின்றன. மண்டலம் விட்டு மண்டலம் போய் தேசியத் தகுதிச் சுற்றுகளில் ஆடுபவை ஒரு பகுதிதான். முழுத் தீவுகள் இல்லை, சின்னச் சின்னப் பாலங்கள் உண்டு. அந்தப் பாலத்தில் நடந்த இரண்டு மூன்று ஆட்டங்களை வைத்துத்தான் ஒரு மண்டலம் முழுவதன் மதிப்பும் ஏறி இறங்குகிறது. அன்றைக்கு ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் சுளுக்கியிருந்தால், அவள் முகத்தையே பார்க்காத ஐம்பது அணிகள் ரேங்க் இறங்கும்.

குழந்தைகள் வளர்கிறார்கள் என்ற விஷயமும் சேர்ந்துகொள்கிறது. ஆண்டுதோறும் வயதுப் பிரிவு மாறும், புதிதாகத் தேர்வு நடக்கும், பாதிப் பேர் வேறு கிளப்புக்குப் போய்விடுவார்கள். அணியின் பெயர் மட்டும் அதே. சென்ற ஆண்டு ரேட்டிங்கை இந்த ஆண்டுக்குக் கொண்டுவந்தால் அது இல்லாத அணியின் ரேட்டிங். கொண்டுவராவிட்டால் சீசன் ஆரம்பத்தில் கையில் ஒன்றுமே இல்லை. பெயர் என்றதும் இன்னொன்று. ஓரிடத்தில் '14 பிளாக்' என்றும் இன்னோரிடத்தில் '14-பிளாக்' என்றும் டைப் செய்திருந்தால் கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு அணிகள். எக்ஸெலில் பெயருக்குப் பின்னால் தெரியாமல் ஒரு ஸ்பேஸ் விழுந்தாலும் இதே கதி. கண்ணுக்குத் தெரியாத அந்த ஸ்பேஸ் பாதி வெற்றிகளை விழுங்கிவிடும்.

ஆகவே என் அக்கா மகளுக்கு நான் சொன்னது, 48-ம் 131-ம் முரண்பட்ட எண்கள் இல்லை என்பதுதான். ஒரு வெப்சைட் ஆட்ட முடிவுகளை வைத்து ஈலோ போன்ற கணக்குப் போட்டிருந்தது. மற்றது தொடர்களில் பிடித்த இடத்துக்குப் புள்ளி கொடுத்திருந்தது. அவர்கள் அணி அதிகம் ஊர் சுற்றாத அணி. இரண்டு கேள்வி, இரண்டு பதில். இரண்டில் எதுவும் 'என் பெண் எந்தக் கிளப்பில் நன்றாகக் கற்றுக்கொள்வாள்' என்ற மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை. அதற்குப் பயிற்சி நடக்கும் ஹாலுக்கு ஒரு மாலை போய், ஒரு கோச்சுக்கு எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

தரவரிசையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. போட்டித் தொடரில் அணிகளைப் பிரிக்க அது தேவை. 16 அணிகளை நான்கு பூல்களாகப் பிரிக்கும்போது முதல் பூலில் 1, 8, 9, 16, இரண்டாவதில் 2, 7, 10, 15 என்று பாம்பு வளைவது போலப் போடுவார்கள். வரிசை தெரியாமல் போட்டால் வலுவான நான்கு அணிகள் ஒரே பூலில் முட்டிக்கொள்ளும். இங்கே பட்டியலில் சிறு தவறு இருந்தாலும் மாலைக்குள் ஆட்டங்களே அதைத் திருத்திவிடும். ஒரு குடும்பத்தின் ஓராண்டுப் பணத்தை அப்படி மாலைக்குள் திருத்த முடியாது.

நான் கேட்பது இரண்டே விஷயம். ஒன்று, ஃபார்முலாவை வெளியில் போடுங்கள். 2010 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். பி.சி.எஸ். பயன்படுத்திய ஆறு கம்ப்யூட்டர் பட்டியல்களில் கோலியினுடையதும் ஒன்று. அவர் தன் கணக்கு முறை முழுவதையும் வெளியிட்டிருந்தார். அதை வைத்து வெளியாள் ஒருவர் சரிபார்த்தபோது, ஒரே ஒரு ஆட்டத்தின் முடிவு பதியாமல் விடுபட்டிருப்பது தெரிந்தது. அதைச் சேர்த்ததும், அந்த ஆட்டத்தில் ஆடாத போய்சி ஸ்டேட், எல்.எஸ்.யு. என்ற இரண்டு அணிகள் பி.சி.எஸ். பட்டியலில் 10, 11-ஆம் இடங்களை மாற்றிக்கொண்டன. தவறு வந்தது கோலிக்குக் கெட்ட பெயர் என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மூடி வைத்திருந்தவர்களின் பட்டியலில் என்ன விடுபட்டிருந்தது என்று யாருக்குத் தெரியும்?

இரண்டு, எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புள்ளியியலாளர் மார்க் கிளிக்மன் 1995-இல் உருவாக்கிய கிளிக்கோ முறை இதைத்தான் செய்கிறது. ரேட்டிங்கோடு 'இதில் இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்கலாம்' என்று இன்னொரு எண்ணையும் தருகிறது. அதிகம் ஆடினால் அந்த எண் சுருங்கும், நெடுநாள் ஆடாவிட்டால் விரியும். இன்டர்நெட்டில் செஸ் ஆடும் லிசெஸ் தளத்தில் இதன் அடுத்த வடிவம்தான் ஓடுகிறது. ஒரு அணி 1620, கூட்டியோ குறைத்தோ 90. இன்னொன்று 1560, கூட்டியோ குறைத்தோ 110. இப்படிப் போட்டுவிட்டால் 48-க்கும் 60-க்கும் நடுவே மலை இருப்பதாக எந்தப் பெற்றோரும் நினைக்க மாட்டார்கள்.

உங்கள் தெருவின் கேரம் போட்டிக்கோ பள்ளியின் வாலிபால் தொடருக்கோ நீங்களே எக்ஸெலில் ஒரு பட்டியல் போடப் போகிறீர்கள் என்றால், பெயரைக் கையால் திரும்பத் திரும்ப டைப் செய்யாதீர்கள். ஒரு இடத்தில் எழுதி அங்கிருந்து காப்பி செய்யுங்கள். ரேங்க்குக்குப் பக்கத்தில் எத்தனை ஆட்டம் ஆடியது என்று ஒரு நெட்டு வரிசை கட்டாயம் வையுங்கள். பிரின்ட் எடுக்கும்போது, கணக்குப் போட்ட முறையை அதே தாளின் அடியில் நாலு வரியில் எழுதி ஒட்டுங்கள்.